கோலாரில் பிடிபட்ட கிருமி

நேற்றுவரை தெருவில் ஓடி விளையாடிய குழந்தை, இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பின் பெற்ற தாயையே அடையாளம் தெரியாமல் பிதற்றி, கண் செருகிக் கைகால் வெட்டி இழுக்கும்போது, கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர் வாழும் மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளிலும் வட ஆர்க்காட்டுக் கிராமங்களிலும் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஜன்னி கண்டுவிட்டது." அந்த ஒரு சொல்லுக்குள் பல வியாதிகள் மறைந்திருக்கின்றன, அவற்றுள் அபூர்வமானதும் கொடியதுமானது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்.

தங்கச் சுரங்கத்தை நம்பி நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த அதே வட ஆர்க்காட்டில், வேலூர்ப் பக்கத்தில்தான், 1955இல் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது. 1970களின் இறுதியிலிருந்து கோலார் ஜில்லாவும் இதன் கொடுமையை அனுபவித்தது. ஏரிகளை நம்பி வாழும் பூமி இது. ஏரிப் பாசன வயல்களில் தேங்கிய நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு, கொக்கு, நாரை, பன்றி ஆகியவற்றின் இரத்தத்திலிருந்து கிருமியை ஏந்தி வந்து குழந்தையைக் கடிக்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவதில்லை. ஆகவே நோயுற்ற குழந்தையின் வீட்டைக் கண்டு அயலார் அஞ்சி ஒதுங்க நியாயமே இல்லை. கிருமி புகுந்தவர்களில் ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவரே கடும் நோய்க்கு ஆளாகிறார். ஆனால் அப்படி ஆளானவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுபோவதும், பிழைத்தவர்களில் பலர் பேச்சோ நடையோ அறிவோ குன்றி நிற்பதும் நெஞ்சை உலுக்கும் உண்மை.

நோய் நிர்ணயமே வைத்தியரின் பெரும் சோதனை. முதுகுத்தண்டில் மெல்லிய ஊசி செலுத்திச் சில துளி நீர் எடுப்பதென்றால் தாய்மார் பதறுகிறார்கள். குழந்தை முடமாகிவிடும் என்ற வீண் பயம் நம்மிடையே இன்னும் போகவில்லை. அந்த நீரில்தான் இக்கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் தென்படுகிறது; ஆரம்ப நாட்களில் அது தோன்றாதிருக்கலாமாகையால் மறுபடியும் சோதிக்க நேரும். மூளை மலேரியா, காசநோயால் வரும் மூளையுறை அழற்சி, ஹெர்ப்பிஸ் கிருமியின் மூளைக்காய்ச்சல் ஆகியவை இதே வேஷத்தில் வருபவை. அவற்றுக்கு மருந்து உண்டாதலால், முடிவு வரும்வரை காத்திராமல் ஹெர்ப்பிஸுக்கான அசைக்ளோவிரை வைத்தியர் தொடங்கிவிடுவதும் உண்டு.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கோ கிருமியைக் கொல்லும் மருந்து இன்றளவும் இல்லை. வலிப்பை அடக்குவது, மூளையின் வீக்கத்தைத் தணிப்பது, சுவாசம் தடைபடாமல் காப்பது, அளவறிந்து நீரும் ஆகாரமும் செலுத்துவது — இவ்வளவே சிகிச்சை. எனினும் விரைவில் கிடைக்குமானால் இதுவே உயிர் காக்கும். இழுப்பு வந்த குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணித்துக் காத்திருப்பது, திரும்பக் கிடைக்காத நிமிஷங்களை இழப்பதாகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் ஊட்டாமல், ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

இத்தனை துயரத்தினூடே கோலாருக்கு இந்நோயுடன் வேறொரு சம்பந்தமும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் இங்கு நோயுற்ற ஒருவரிடமிருந்து பிரித்தெடுத்து, 821564எக்ஸ்ஒய் என்று அடையாளமிட்ட கிருமியைப் புனே தேசிய வைராலஜி நிறுவனம் பேணிக் காத்தது. அதைக் கொண்டே ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் உருவாக்கிய ஜென்வாக் தடுப்பூசி 2013இல் வெளிவந்தது. கோலாரில் ஓர் உடலை வாட்டிய அதே கிருமி, உயிர் நீக்கப்பட்ட நிலையில், இப்போது ஒரு சின்னஞ்சிறு குப்பிக்குள் அடங்கி, கோலாரைப் பார்த்தே இராத பிற ஊர்க் குழந்தைகளுக்கு ஊசியாகப் போய்ச் சேருகிறது.