நீலமாகிப்போன இலைகள்

யான் வான் ஹெய்சும் வரைந்த பூச்சாடி ஓவியம் எதைப் பார்த்தாலும் கண் முதலில் பூக்களிடம்தான் போகும். கொஞ்சம் பொறுத்து இலைகளைப் பாருங்கள். பச்சையாக இருக்க வேண்டியவற்றில் பல நீலம் பாரித்திருக்கும்.

ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த இந்த ஓவியர் (1682–1749) இலையை நீலமாக வரையவில்லை. அக்காலத்தில் நல்ல பச்சை நிறமி கிடைப்பது அரிது. நீலத்தோடு மஞ்சளைச் சேர்த்துத்தான் பச்சையை உண்டாக்கினார்கள். அந்த மஞ்சள் செடியிலிருந்து காய்ச்சி இறக்கிய சாயம். வெளிச்சம் படப்பட வெளிறிவிடும். நீலம் அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பூங்கொத்தும் ஒருநாளும் ஒரே ஜாடியில் இருந்ததில்லை. துலிப் வசந்தத்தில் மலரும், ரோஜா கோடையில். ஒவ்வொன்றும் பூக்கும்வரை ஓவியர் காத்திருந்தார். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய சுடுமண் ஜாடி ஓவியத்தில் 1736, 1737 என இரண்டு ஆண்டுகளையும் குறித்திருக்கிறார். மஞ்சள் ரோஜா கிடைக்காததால் ஓர் ஓவியத்தை முடிக்க முடியவில்லை என்று 1742இல் கடிதமே எழுதினார். அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

டச்சுக்காரர்களின் பூ ஓவியங்களில் உதிர்ந்த இதழ், இலையை அரித்த புழு, இதழில் உட்கார்ந்த ஈ எல்லாம் வாழ்வின் நிலையாமையைச் சொல்வதாகக் கொள்வது வழக்கம். வெள்ளை லில்லி கன்னி மரியாளின் தூய்மை. ஆனாலும் அகராதியைப் புரட்டுவதுபோல் பூவுக்கொரு பொருள் தேடக் கூடாது என்பேன். வாங்கியவர்களில் பலருக்குப் பூவின் அருமையே போதுமானதாக இருந்திருக்கும். வெள்ளையில் செந்தீ படர்ந்தாற்போன்ற துலிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1637இல் விலை சரியும்வரை அதன் கிழங்குக்குப் பெரும்பணம் கொட்டினார்கள். அந்தக் கோடுகள் அசுவினிப் பூச்சி பரப்பிய வைரஸ் நோயால் வந்தவை என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. அழகென்று கொண்டாடியது செடியின் நோயை!

நிலையாமையை உண்மையில் சொல்வது சாயம்தான். மஞ்சளைப் போலவே சில சிவப்புச் சாயங்களும் நிற்பதில்லை. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் வான்கோவின் ரோஜாக்கள் இருக்கின்றன. 1890இல் அவர் அவற்றை இளஞ்சிவப்பாக வரைந்தார். இன்று அவை ஏறக்குறைய வெள்ளை.