15,000 ரூபாய்க்கு எந்தக் கருவி? பட்டறைக்குப் பொருள் வாங்கும் முன் அறிய வேண்டியவை

ஹைதராபாத்: தார்நாகா மெட்ரோ நிலையத்தில் நீல வழித்தட ரயிலில் ஏறுபவர், பட்டறைக் கருவிகளின் இரு வேறு உலகங்களை ஒரே பாதையில் பார்த்துவிட முடியும். வழியில் பாரடைஸ் நிலையத்தில் இறங்கினால் எட்டும் தொலைவில் ராணிகஞ்ச். உளி, சுத்தியல் முதல் வெல்டிங் இயந்திரம், மோட்டார் பம்பு வரை வரிசையாகக் கடைகள் நிறைந்த பழைய சந்தை அது. அதே ரயிலில் கடைசி நிலையமான ராய்துர்க் வரை சென்றால் டி-வொர்க்ஸ். 2023ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி திறக்கப்பட்ட, தெலங்கானா அரசின் மாதிரிப் பொருள் உருவாக்க மையம். தார்நாகாவை ஒட்டியே லாலாகூடா ரயில்வே பணிமனையும் இருக்கிறது. நிஜாம் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட அந்தப் பணிமனை இன்றும் இயங்கி வருகிறது.

இத்தனை இருந்தும், சொந்தமாக ஒரு சிறு பட்டறை அமைக்க விரும்பும் தச்சரோ, ஓய்வுபெற்ற பின் வீட்டு மாடியில் மரவேலை தொடங்க எண்ணுபவரோ முதலில் தடுமாறும் இடம் கடையின் முகப்பு மேசைதான். எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது, எதை வாங்கவே வேண்டாம் என்பதற்கு விற்பனையாளர் சொல்லும் பதில் பெரும்பாலும் அவரிடம் தேங்கியிருக்கும் சரக்கைப் பொறுத்தது.

அரசு உதவி எவ்வளவு?

பாரம்பரியக் கைவினைஞர்களுக்கான பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17ஆம் தேதி தொடங்கப்பட்டது. இதற்கான ஒதுக்கீடு 13,000 கோடி ரூபாய். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், கொத்தனார், தையற்கலைஞர், சிற்பி, முடிதிருத்துவோர் உள்ளிட்ட 18 தொழில்கள் இதில் அடங்கும். சுத்தியல் மற்றும் கருவித் தொகுப்பு செய்வோரும் அந்தப் பட்டியலில் தனித் தொழிலாக இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

அடிப்படைப் பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவிகள் வாங்க மின்னணு வவுச்சராக 15,000 ரூபாய் வரையும் வழங்கப்படுகிறது. பிணையில்லாக் கடன் முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாய். 18 மாதங்களில் திருப்பிச் செலுத்த வேண்டும். அடுத்த தவணை 2 லட்சம் ரூபாய், 30 மாதங்கள். பயனாளி செலுத்தும் வட்டி 5 சதவீதம். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே இந்த உதவி கிடைக்கும்.

ஒரு லட்சம் ரூபாயை 5 சதவீத வட்டியில் 18 சம தவணைகளில் கட்டினால் மாதம் சுமார் 5,780 ரூபாய் வரும். மொத்த வட்டி சுமார் 4,000 ரூபாய்தான் என்பதால் கடன் மலிவானது. ஆனால் மாதத் தவணை மலிவானதல்ல. வாங்கும் இயந்திரம் மாதம் எத்தனை நாள் ஓடும், ஒவ்வொரு நாளும் எவ்வளவு கூடுதல் வருமானம் தரும் என்ற கணக்கைப் போட்டுப் பார்க்காமல் முழுத் தொகைக்கும் கருவி வாங்குவது, வேலை குறையும் மாதங்களில் நெருக்கடியில் கொண்டுபோய் விடும்.

தமிழ்நாட்டு வாசகர்கள் கவனிக்க வேண்டியது: குடும்பத் தொழில் அடிப்படையிலான நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, விஸ்வகர்மா திட்டத்தை அதன் அப்போதைய வடிவில் செயல்படுத்த இயலாது என 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு தெரிவித்தது. அதற்கு மாற்றாக 25 தொழில்களை உள்ளடக்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரல் 19ஆம் தேதி குன்றத்தூரில் தொடங்கப்பட்டது. 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சமாக 50,000 ரூபாய் மானியமும், 5 சதவீத வட்டி மானியமும் என அறிவிக்கப்பட்டது.

முதலில் சுவரைப் பாருங்கள்

கருவிக்கு முன் கவனிக்க வேண்டியது மின் இணைப்பு. நம் வீடுகளுக்கு வரும் ஒருமுனை மின்சாரம் 230 வோல்ட். மின்விசிறி, விளக்குக்கான 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்கக்கூடியது 1,380 வாட் மட்டுமே. 2,000 வாட் பெரிய கிரைண்டரோ, மின் ரம்பமோ ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும்; அதை 16 ஆம்பியர் பிளக்கில்தான் இணைக்க வேண்டும். ஏர் கம்ப்ரசர் போன்றவை தொடங்கும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு எடுக்கும். மெல்லிய கம்பி கொண்ட நீட்டிப்புப் பெட்டியைச் சுருட்டிவைத்தபடியே பயன்படுத்தினால் கம்பி சூடேறி உருகும். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் எந்தக் கருவியையும் விட முந்தி வாங்கப்பட வேண்டியவை.

கருவியின் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது என்று பொருள். அதனால்தான் அத்தகைய கருவிகளில் எர்த் இல்லாத இரண்டு முனை பிளக் இருக்கிறது; அது குறைபாடல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கம்பி, சுவிட்ச் போன்றவற்றை வாங்கும்போது, முத்திரையுடன் அச்சிடப்பட்டுள்ள சி.எம்./எல். எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் இட்டு, உரிமம் உண்மையானதா எனக் கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம்.

பாறை மேல் நிற்கும் நகரம்

முதல் மின்கருவியாகப் பெரும்பாலோர் வாங்குவது துளையிடும் டிரில். இதில் ஹைதராபாத்வாசிகளுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. இந்நகரம் சுமார் 250 கோடி ஆண்டு பழமையான கருங்கல் பாறை மீது அமைந்துள்ளது. கான்கிரீட்டில் போடும் ஜல்லியும் அதே இனம்தான். செங்கல் சுவரில் எளிதாக நுழையும் இம்பேக்ட் டிரில், கான்கிரீட் தூணில் ஜல்லியைச் சந்தித்ததும் நின்றுவிடும். அதில் இரண்டு பல்சக்கரத் தட்டுகள் உரசி எழுப்பும் அதிர்வு மட்டுமே உண்டு. அடிகள் எண்ணிக்கையில் அதிகம், வலிமையில் குறைவு. ரோட்டரி ஹேமர் எனப்படும் கருவியில் காற்றழுத்த உந்துதண்டு பிட்டைப் பின்னாலிருந்து அடிக்கிறது. 2 முதல் 3 ஜூல் அடி வலிமை கொண்ட சிறிய ரோட்டரி ஹேமரே வீட்டு வேலைக்குப் போதுமானது. மரவேலை மட்டும் செய்பவருக்கு இது தேவையே இல்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சாதாரண டிரில் போதும்.

உயிரைப் பறிக்கும் சிறிய சக்கரம்

பட்டறையில் மிகுந்த ஆபத்து தரக்கூடியது 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர். விலை குறைவு, எல்லா வேலைக்கும் உதவும் என்பதாலேயே அதைத் தவறாகப் பயன்படுத்துவதும் அதிகம். அந்தக் கருவி நிமிடத்துக்கு 11,000 முதல் 12,000 முறை சுழல்கிறது. பிசின் பிணைப்பு வெட்டுச் சக்கரங்களின் விளிம்பு வேக வரம்பு பொதுவாக நொடிக்கு 80 மீட்டர். 100 மில்லிமீட்டர் சக்கரம் அந்த வரம்பை எட்ட நிமிடத்துக்குச் சுமார் 15,300 சுற்று வேண்டும். ஆகவே போதிய இடைவெளி உள்ளது. அதே கருவியில் 125 மில்லிமீட்டர் சக்கரத்தை மாட்டினால் வரம்பு சுமார் 12,200 சுற்றாகக் குறைகிறது. 180 மில்லிமீட்டர் சக்கரத்துக்கோ 8,500 சுற்றுதான். அதாவது சக்கரம் தன் வரம்பைத் தாண்டிச் சுழன்று, சிதறும் நிலைக்கு வந்துவிடுகிறது. பெரிய சக்கரம் மாட்ட வேண்டும் என்பதற்காகத்தான் பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றுகிறார்கள். சிதறும் துண்டைத் தடுக்க வேண்டிய ஒரே பொருளும் அப்போது இல்லாமல் போகிறது.

பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடை கிரைண்டரில் மாட்டுவது இதைவிட மோசமானது. மரத்தில் பல் சிக்கினால் கருவி கையை உதறிக்கொண்டு பின்னோக்கிப் பாயும். மரம் அறுக்க வட்ட ரம்பத்தைத் தனியாக வாங்குங்கள். பணம் இல்லையென்றால் கைரம்பம் போதும். சக்கரத்தின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். கடைகளில் தள்ளுபடி விலையில் குவித்து வைக்கப்பட்டிருப்பவற்றில் இதைப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

கருங்கல், டைல்ஸ், கான்கிரீட் அறுக்கும்போது எழும் நுண்தூசியில் சிலிக்கா உள்ளது. அது நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணமாக்கும் மருந்து இல்லை. கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது பயன் தராது. என்95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றுக்கான தொகையை 15,000 ரூபாய்க் கணக்கின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

பேட்டரி கருவிகளும் எண் விளையாட்டும்

கம்பியில்லாக் கருவி வாங்குபவர் உண்மையில் வாங்குவது பேட்டரியை. ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதால் முதல் கருவியே அடுத்த ஐந்து கருவிகளையும் தீர்மானித்துவிடுகிறது. 18 வோல்ட், 20 வோல்ட் என்ற இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. இரண்டிலும் 3.6 வோல்ட் கலங்கள் ஐந்து இருக்கும். ஒன்று சராசரி அளவையும் மற்றது முழு மின்னேற்ற அளவையும் சொல்கிறது. மலிவான சில கருவிகளில் 48, 88 என அச்சிட்டிருப்பார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து கலங்கள்தான். ஒப்பிட வேண்டியது வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கி வரும் தொகையை. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி பேட்டரி 36 வாட்-மணி. 4 ஆம்பியர்-மணி என்றால் 72.

ஆண்டுக்கு இருமுறை மட்டுமே தேவைப்படும் கான்கிரீட் உடைப்பான் போன்றவற்றை வாடகைக்கு எடுப்பதே மேல். லேசர் வெட்டு, சி.என்.சி., முப்பரிமாண அச்சு தேவைப்படுவோர் சொந்தமாக வாங்கும் முன் டி-வொர்க்ஸில் ஒருமுறை செய்து பார்க்கலாம். எர்ரகட்டா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய கருவிகளும் கிடைக்கின்றன. பழைய வைஸ், ஸ்பேனர், உளி ஆகியவற்றைத் தயங்காமல் வாங்கலாம். இரும்புக்கு வயது பொருட்டல்ல. மின்கருவியை ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். காற்றுத் துளை வழியே பெரிய தீப்பொறி தெரிந்தாலோ, சக் ஆடினாலோ விட்டுவிடுங்கள்.

பழுதானால் யாரிடம் செல்வது?

உத்தரவாத அட்டையில் வீட்டுப் பயன்பாடு, தொழிற்பயன்பாடு என இரண்டுக்கும் தனித்தனிக் காலம் குறிப்பிடப்பட்டிருக்கலாம். வீட்டுப் பயன்பாட்டுக்கான கருவியைப் பட்டறையில் நாள் முழுக்க ஓட்டினால் உத்தரவாதம் மறுக்கப்படும். கருவி தொழிலுக்காக வாங்கப்பட்டது, எனவே நீங்கள் நுகர்வோரே அல்ல என்று விற்பனையாளர் வாதிடுவதும் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோர் வரையறையிலிருந்து விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே பொருளை வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என அதே சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஒற்றை ஆளாகப் பட்டறை நடத்தும் தச்சருக்கு இது பொருந்தும்.

இதற்குப் பற்றுச்சீட்டு அவசியம். ஜி.எஸ்.டி. இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சை ஏற்றால் உத்தரவாதமும் வழக்கும் சேர்ந்தே போய்விடும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு அந்த வரி உள்ளீட்டு வரவாகத் திரும்பக் கிடைக்கும் என்பதால் அவர்களுக்கு அந்தத் தள்ளுபடி தள்ளுபடியே அல்ல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கு தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. ராணிகஞ்சில் வாங்கிய கருவிக்காகச் சென்னையில் வசிப்பவர் ஹைதராபாத் வர வேண்டியதில்லை. தான் வசிக்கும் மாவட்டத்திலேயே புகாரைப் பதிவு செய்யலாம்.