சுக்கான் பிடிக்க ஒரு படிப்பு!



கோவை சிறையில் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்த கதை உங்களுக்குத் தெரியும். 1906-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். அந்தத் துணிச்சலைப் பொறுக்காத வெள்ளையர் அரசு, 1908-இல் ராஜத்துரோக வழக்குப் போட்டு அவரைச் சிறையில் தள்ளியது.

கப்பல் கம்பெனி தொடங்கத் துணிச்சல் வேண்டும். ஆனால் ஒரு கப்பலையோ, படகையோ தண்ணீரில் செலுத்தத் துணிச்சல் மட்டும் போதாது. படிப்பு, பயிற்சி, சான்றிதழ் மூன்றும் வேண்டும்.

பெரிய கப்பலின் தலைவர் கேப்டன். சரி, ஆழ்கடல் மீன்பிடிப் படகு, சுற்றுலாப் படகு போன்ற சிறிய கலங்களுக்குத் தலைவர் யார்? மீன்பிடிக் கலத்தில் அவர் ஸ்கிப்பர். ஆறு, ஏரி, காயலில் ஓடும் படகுகளில் சாரங்கு, மாஸ்டர் என்பார்கள். நம் பழந்தமிழில் அழகான ஒரு பெயர் உண்டு: மீகாமன்!

எங்கே படிப்பது?

நம் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் கடலே இல்லையே என்று நினைக்காதீர்கள். மீன்பிடிக் கலம் செலுத்தக் கற்றுத்தர மத்திய அரசு நிறுவனம் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக 'சிஃப்நெட்' என்பார்கள். 1963-இல் கொச்சியில் தொடங்கியது. 1968-இல் சென்னையிலும், 1981-இல் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் வந்தன. சென்னைக் கிளை ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில் உள்ளது.

இங்கே 'வெசல் நேவிகேட்டர்' என்ற இரண்டு வருடப் படிப்பு உண்டு. பத்தாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்துத் தேறியிருக்க வேண்டும். கண் பார்வை நன்றாக இருக்க வேண்டும். படகு எந்திரத்தைப் பழகுவதற்கு 'மரைன் ஃபிட்டர்' என்று தனிப் படிப்பும் இருக்கிறது.

படித்து முடித்த உடனே ஸ்கிப்பர் ஆகிவிட முடியாது! கடலில் கலத்தில் வேலை பார்த்து அனுபவம் பெற வேண்டும். பிறகு அரசு நடத்தும் தேர்வு எழுத வேண்டும். நேரில் உட்காரவைத்துக் கேள்வியும் கேட்பார்கள். முதலில் தலைவருக்கு அடுத்த நிலையான 'மேட்' சான்றிதழ். அதற்குப் பிறகுதான் 'ஸ்கிப்பர்' சான்றிதழ்.

என்ன கற்றுத்தருவார்கள்?

மேட்டுப்பாளையம் அருகே பரளிக்காட்டில் பரிசல் ஏறியிருக்கிறீர்களா? அங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் கரை தெரியும். கடலில் கொஞ்ச தூரம் போனாலே கரை மறைந்துவிடும். அப்புறம் வழிகாட்டுபவை திசைகாட்டியும் கடல் வரைபடமும் செயற்கைக்கோள் கருவியும்தான். கருவி பழுதாகிவிட்டால்? கணக்குப் போட்டுத்தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போமா? கடலில் தூரத்தைக் கடல் மைலில் அளப்பார்கள். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால், அந்த வேகம் ஒரு 'நாட்'. ஒரு படகு 8 நாட் வேகத்தில் 3 மணி நேரம் போகிறது. எவ்வளவு தூரம் போயிருக்கும்? 24 கடல் மைல். அதாவது சுமார் 44 கிலோமீட்டர். கோவையிலிருந்து பொள்ளாச்சியைத் தாண்டிவிடும் தூரம்! இதை மனத்திலேயே போடத் தெரிந்தவர்தான் நல்ல மீகாமன்.

அடுத்தது விளக்குப் பாடம். இரவில் படகின் வலப்பக்கம் பச்சை விளக்கு, இடப்பக்கம் சிவப்பு விளக்கு எரியும். எதிரே வரும் எந்திரப் படகின் பச்சையும் சிவப்பும் சேர்ந்து தெரிகிறதா? அது உங்களை நோக்கி நேராக வருகிறது! சாலையில் நாம் இடப்பக்கம் ஒதுங்குகிறோம். கடலிலோ இரண்டு படகுகளும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். 1972-இல் உருவான இந்தச் சர்வதேச விதி, சின்னப் படகுக்கும் பெரிய கப்பலுக்கும் பொது. பச்சையும் சிவப்பும் பிரித்தறியாத கண்ணால் இந்த வேலை செய்ய முடியாது. கண் பரிசோதனை ஏன் அவசியம் என்று இப்போது புரிகிறதா?

ஆற்றிலும் ஏரியிலும் ஓடும் கலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. 1917-இல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக, 2021-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி கலத்தைச் செலுத்துபவரிடம் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். இதற்கான பயிற்சி நிறுவனம் ஒன்று 2004 முதல் பாட்னாவில், கங்கைக் கரையில் இயங்குகிறது.

மிகக் கடினமான பாடம்

இத்தனை பாடங்களிலும் கடினமானது எது தெரியுமா? "முடியாது" என்று சொல்வது!

நம் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி மேற்கே போனால், மலப்புரம் மாவட்டத்தில் தானூர் என்ற கடலோர ஊர் இருக்கிறது. 2023 மே 7-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு, இருட்டும் நேரத்தில் கிளம்பிய ஒரு சுற்றுலாப் படகு அங்கே கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் உங்களைப் போன்ற குழந்தைகள்.

"இன்னும் நாலு பேர்தானே, ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று கெஞ்சுவார்கள். "இன்னும் ஒரு நடை போய் வா" என்று முதலாளி சொல்வார். அப்போது "முடியாது" என்று சொல்ல வேண்டியவர் படகின் தலைவர். ஆட்கள் அதிகமானால் படகு ஏன் சாயும், எல்லாரும் ஒரே பக்கம் ஓடினால் என்ன ஆகும் என்பதைப் படித்தவருக்குத்தான் அப்படிச் சொல்லும் உறுதி வரும்.

துணிந்து "முடியும்" என்று சொல்ல வேண்டிய நேரமும் உண்டு. 2015 ஜூனில் வங்கக் கடலில், ஒடிசா கரைக்கு அப்பால், 'துர்கம்மா' என்ற மீன்பிடிப் படகு எந்திரம் பழுதாகி, நங்கூரமும் இழந்து தத்தளித்தது. உள்ளே ஏழு பேர். சாப்பாடும் குடிநீரும் போய்விட்டன. மீனுக்காக வைத்திருந்த பனிக்கட்டியைத் தின்று உயிர் பிழைத்திருந்தார்கள்! அந்த வழியே வந்த எண்ணெய்க் கப்பலின் கேப்டன் ராதிகா மேனன், கேரளத்துக் கொடுங்கல்லூரைச் சேர்ந்தவர். புயல் காற்றிலும் பேரலையிலும் கப்பலை நெருங்கச் செலுத்தி, ஏழு பேரையும் மீட்டார். 2016-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அவருக்கு வீரச்செயல் விருது தந்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்!

எப்போது போகலாம், எப்போது போகக் கூடாது என்று முடிவெடுக்கும் அறிவைத்தான் இந்தப் படிப்பு தருகிறது. கணக்கையும் அறிவியலையும் இப்போதே விருப்பத்தோடு படியுங்கள். நீச்சலும் பழகுங்கள், ஆனால் பெரியவர்கள் துணையோடு மட்டும்!

அடுத்த முறை சுற்றுலாவில் படகு ஏறும்போது ஒரு வேலை செய்யுங்கள். எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஏறியவர்களை எண்ணுங்கள். உயிர்காப்புச் சட்டையைக் கேட்டு வாங்கி, வாரைப் பூட்டுங்கள். எண்ணிக்கை அதிகமாக இருந்தால் ஆசிரியரிடமோ அப்பா, அம்மாவிடமோ உடனே சொல்லி, இறங்கிவிடுங்கள். அடுத்த படகு வரும் வரை காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது!