பளபளக்கும் பெட்டிக்கு எவ்வளவு, உள்ளே இருக்கும் சரக்குக்கு எவ்வளவு?

பதுளை பஸார் வீதியில் எலக்ட்ரிக் சாமான் விற்கும் நமது சகோதரர்களிடம் அண்மைக் காலமாக ஒரு புதுக் கேள்வி வருகிறது. "நாநா, ஹெட்போனுக்குத் தனியாக அம்ப்ளிபயர் இருக்கா?" கேட்பவர்கள் அநேகமாக இளைஞர்கள். கல்யாண வீடியோ எடிட் செய்பவர், கஸீதா பதிவு செய்ய ஓர் அறையில் சிறிய ஸ்டூடியோ போட்டிருப்பவர், கட்டாரிலிருந்தோ துபாயிலிருந்தோ லீவில் வந்தவர் என்று பலரும் கேட்கிறார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் போனில் பார்த்து, மொடல் நம்பரைக் கூட எழுதிக்கொண்டே வருகிறார்கள். இந்தச் சாமான் 30,000 ரூபாவுக்கும் இருக்கிறது, 10 இலட்சத்துக்கும் இருக்கிறது. வாங்குபவருக்கு இது வருடக்கணக்கில் சேர்த்த காசு. விற்கும் நமக்கோ, தவறான மொடலை இறக்கினால் தட்டில் தூசி படிந்து கிடக்கப் போகும் முதல். ஆகவே இதை எடைபோடத் தெரிந்திருப்பது இரு தரப்புக்கும் தேவை.

முதலில் இது என்ன சாமான் என்று பார்ப்போம். ஹெட்போன் என்பது காதோடு ஒட்டி வைத்த இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள்தான். போனிலோ கொம்பியூட்டரிலோ இருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை அந்த ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பலப்படுத்துவது அம்ப்ளிபயரின் வேலை. பள்ளிவாசல் ஹோர்னுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி செய்வதும் இதே வேலைதான். அளவில்தான் வித்தியாசம்.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது பலருக்குத் தெரியாது. ஒலிப்பதிவுக்காரர்கள் விரும்பும் ஜேர்மனியின் சென்ஹைசர் எச்.டி. 650 என்ற ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். இதன் மின்தடை 300 ஓம். கம்பனி தரும் கணக்குப்படி 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபெல் சத்தம் வரும். காதே கெட்டுப்போகும் 110 டெசிபெல்லுக்குக் கொண்டு போக வேண்டுமானால் சுமார் 2.2 வோல்ட் போதும். அதை வொட்டாக மாற்றினால் 17 மில்லிவொட் கூட வராது. அதாவது ஒரு வொட்டை அறுபதாகப் பிரித்து அதில் ஒரு பங்கு! இவ்வளவு சின்ன வேலைக்கு ஐந்து கிலோ இரும்புப் பெட்டி எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. போனோடு சேர்ந்து வரும் சாதாரண 16 ஓம், 32 ஓம் இயர்போன்களுக்கோ தனி அம்ப்ளிபயரே தேவையில்லை. இதைச் சொல்லி ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினால் அன்றைய வியாபாரம் போகும், உண்மைதான். ஆனால் அடுத்த முறை டீவி வாங்க அவர் வேறு கடைக்குப் போகமாட்டார்.

வொட் கணக்கில் ஏமாற்றுவது நமது தொழிலில் பழைய நோய். 2000ஆம் ஆண்டுகளில் கெசட் செட், கொம்பியூட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. 1000 வொட், 2000 வொட் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது நினைவிருக்கும். அந்தப் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத் தகட்டில் எவ்வளவு கரன்ட் இழுக்கும் என்று பார்த்தால் 20 வொட்டோ 30 வொட்டோ போட்டிருக்கும். 30 வொட் உள்ளே போகும் சாமானிலிருந்து தொடர்ந்து 1000 வொட் எப்படி வெளியே வரும்? ஒரு கொத்து அரிசி போட்டுப் பத்துக் கொத்துச் சோறு என்று அளந்து விற்பது மாதிரித்தான் இது. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வதை நமது மார்க்கம் எவ்வளவு கடுமையாகத் தடுத்திருக்கிறது என்பதை நான் இங்கே சொல்லத் தேவையில்லை. தராசுக்குப் பொருந்துவது வொட்டுக்கும் பொருந்தும். அமெரிக்காவில் 1974இலேயே இதற்கென ஒரு விதி கொண்டு வந்தார்கள். எத்தனை ஓமில், எந்த அலைவரிசை எல்லைக்குள், எவ்வளவு திரிபோடு, தொடர்ந்து எத்தனை வொட் என்று சொல்லாமல் வீட்டு அம்ப்ளிபயரின் பலத்தை விளம்பரப்படுத்தக் கூடாது என்பதே அந்த விதி. 2024இல் அதைப் புதுப்பித்தும் இருக்கிறார்கள். எந்த அம்ப்ளிபயர் வந்தாலும் இந்த நாலு விபரத்தையும் கேளுங்கள். தராத கம்பனியின் சாமானைக் கடைக்குள் எடுக்காமல் இருப்பது நல்லது.

அடுத்து, விலை கூடினால் சத்தம் திறமாக இருக்குமா என்ற விஷயம். இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 2011இல் பெயர் சொல்லாத ஒரு பொறியியலாளர், என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில், ஓ2 என்று ஒரு ஹெட்போன் அம்ப்ளிபயரை வடிவமைத்து அதன் முழு வரைபடத்தையும் இலவசமாக வெளியிட்டார். உள்ளே இருந்தவை எந்த ரேடியோ ரிப்பெயார்காரருக்கும் கிடைக்கும் சாதாரண சிப்கள், ரெசிஸ்டர்கள், இரண்டு 9 வோல்ட் சார்ஜ் பெட்டரிகள். உதிரிப்பாகச் செலவு சில பத்து டொலர்கள். ஆனால் 33 ஓம் ஹெட்போனுக்கு 600 மில்லிவொட்டுக்கு மேல் கொடுத்தது, திரிபும் இரைச்சலும் காதால் பிடிக்க முடியாத அளவுக்குக் குறைவு. அதை 1,500 டொலருக்கு மேல் விற்ற பெஞ்ச்மார்க் என்ற பெயர் பெற்ற சாமானோடு கண்ணை மறைத்து ஒப்பிட்டுக் கேட்டபோது வித்தியாசம் பிடிபடவில்லை என்று எழுதினார். வடிவமைப்பை எவரும் செய்து விற்கலாம், மாற்றக் கூடாது என்று உரிமையும் கொடுத்தார். ஒரு சதம் எடுக்கவில்லை. 2012இன் நடுப்பகுதிக்குப் பிறகு ஆளையே காணவில்லை, யார் என்றும் தெரியவில்லை. அவர் வரைந்ததை இலினோய் மாநிலத்தின் ஜே.டி.எஸ். லாப்ஸ் போன்ற சிறு கம்பனிகள் செய்து விற்றன. அதே கம்பனி 2018இல் அட்டம் என்ற சொந்த அம்ப்ளிபயரை 99 டொலருக்கு இறக்கியது. ஓ2 வந்த பிறகு விலை கூடிய கம்பனிகளும் அளவீட்டுக் கணக்கைக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது என்பது என் எண்ணம். வியாபாரத்தில் ஓர் ஆள் உண்மையான விலையைச் சொல்லிவிட்டால் சந்தை முழுவதும் அசையும்.

இது ஒருவருடைய பிடிவாதம் மட்டுமல்ல. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ சஞ்சிகை 220 டொலர் பயனியர் செட்டிலிருந்து 12,000 டொலர் வால்வ் அம்ப்ளிபயர் வரை ஆறு சாமான்களை, எது எது என்று தெரியாமல், 25 பேரைக் கேட்க வைத்தது. அளவீடு ஒழுங்காக உள்ள அம்ப்ளிபயர்களை, சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்டால், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க அவர்களால் முடியவில்லை. அங்கே சத்தத்தைச் சமப்படுத்துவது என்பதுதான் முக்கியமான இடம். சற்றே கூடிய சத்தம் எப்போதும் 'திறமான' சத்தமாகத்தான் காதுக்குப் படும். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டு செட்டை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டும்போது வொலியூமில் யார் கை இருக்கிறது என்று ஒரு கண் வைத்திருங்கள்!

அப்படியானால் விலை கூடிய அம்ப்ளிபயர் எல்லாமே வீண் என்று முடிவு கட்டலாமா? கூடாது. காசுக்கு உண்மையாகக் கிடைப்பவையும் உண்டு.

வொலியூம் திருகியை எடுங்கள். மலிவானதில், குறைந்த சத்தத்தில் வலது காதுக்கும் இடது காதுக்கும் சத்தம் சமமாக வராது. சில நேரம் ஒரு பக்கம் மட்டுமே கேட்கும். நல்ல கம்பனிகள் இரு பக்கமும் ஒத்துப்போகும் திருகியை அல்லது படிப்படியாக மாறும் ரிலே முறையைப் போடுகின்றன. இதைக் கடையிலேயே, ஒரு நிமிடத்தில், மெதுவாகத் திருப்பிச் சோதிக்கலாம். மலிவானதில் பழையபடி கரகரவென்றும் வரும்.

இரைச்சலும் அப்படித்தான். காதுக்குள் செருகும் கூர்மையான இயர்போனை மாட்டி, பாட்டு எதுவும் போடாமல் கேளுங்கள். 'ஸ்ஸ்' என்று கேட்டால் அது எவ்வளவு விலையானாலும் அந்த இயர்போனுக்கு ஒத்துவராது.

இன்னொன்று வெளியீட்டு மின்தடை. கொஞ்சம் நுணுக்கமானது, ஆனால் விலை கூடிய வால்வ் பெட்டிகள் பல தோற்பது இங்கேதான். தோட்டத்துப் பீலித் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். குழாய் ஒடுங்கியிருந்தால் ஒரு வீட்டில் திறந்ததும் அடுத்த வீட்டில் வேகம் குறையும். அதேபோல அம்ப்ளிபயரின் சொந்த மின்தடை கூடியிருந்தால், ஹெட்போனின் மின்தடை சுரத்துக்குச் சுரம் மாறும்போது சத்தத்தின் சமநிலையும் குலையும். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது ஓ2 ஆள் பரப்பிய கணக்கு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓமுக்குள் இருக்க வேண்டும். ஓ2இல் அது அரை ஓம் அளவுதான். 30, 40 ஓம் உள்ள அழகான வால்வ் பெட்டிகள் இன்றும் விற்கப்படுகின்றன. 300 ஓம் ஹெட்போனுக்கு அவற்றைக் கொடுக்கலாம், மற்றவற்றுக்கு வேண்டாம்.

சுவிட்ச் போடும்போது 'டப்' என்று அடிக்காமல் சில விநாடி தாமதித்து இணைக்கும் பாதுகாப்பு ரிலேயும் காசு கொடுக்கத் தகுந்தது. ஒரு இலட்சம் ரூபா ஹெட்போனின் சுருள் அந்த ஒரு அடியில் போகலாம்.

மிச்சப் பணம் எங்கே போகிறது? பெரும்பாலும் பெட்டிக்கு. தடித்த அலுமினியத்தைக் கடைந்து எடுத்த உடல், முகப்புத் தகடு, கனமான கட்டை இவை உள்ளே இருக்கும் சிப்களை விடப் பல மடங்கு செலவு. சென்ஹைசர் கம்பனி 1991இல் ஓர்ஃபியஸ் என்ற வால்வ் அம்ப்ளிபயரோடு கூடிய ஹெட்போனை 300 செட் மட்டும் செய்தது. 2015இல் அதன் வாரிசை அறிவித்தபோது அம்ப்ளிபயரின் உடலை இத்தாலியின் கராரா சலவைக் கல்லில் செதுக்கி, 50,000 யூரோ அளவில் விலை வைத்தார்கள். அந்த வகை ஹெட்போனுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை, ஆகவே தனி அம்ப்ளிபயர் இல்லாமல் அது வேலையே செய்யாது. அது நியாயம். சலவைக் கல் காதுக்கு எதுவும் செய்வதில்லை. அழகுக்குக் காசு கொடுப்பது தவறல்ல, நகை வாங்குவதில்லையா? அழகுக்கு என்று சொல்லி விற்றால் போதும், சத்தத்துக்கு என்று சொல்லி விற்கக் கூடாது.

இனி நமது பக்கத்து நிலைமை. வெளிநாட்டிலிருந்து கொண்டு வரும் அம்ப்ளிபயரின் பின்பக்கத்தில் 230 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் செட்கள் 100 வோல்ட்டுக்கானவை. நேரே குத்தினால் புகைதான். ஓ2 போன்றவற்றுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றின் அடெப்டர் ஏ.சி.யை ஏ.சி.யாகவே குறைத்துக் கொடுப்பது. அது பழுதானால் கடையில் கிடைக்கும் சாதாரண டி.சி. அடெப்டர் உதவாது. விற்கும்போதே மேலதிக அடெப்டர் ஒன்றைக் கொண்டு வந்து வையுங்கள், அதிலும் ஒரு சிறு இலாபம் உண்டு. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் ஊவா மலைகளில் இடி இறங்கும் நாட்களில் பிளக்கைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மின்னலில் போன சாமானுக்குப் பொதுவாக வொரண்டி கிடைக்காது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். டொலர் ஒன்றுக்கு 300 ரூபா என்று வைத்தால் 99 டொலர் சாமான் 30,000 ரூபா. அதன் மேல் விமானக் கூலி, சுங்கத் தீர்வை, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான வற் வரி. நமது தட்டுக்கு வரும்போது 40,000 ரூபாவைத் தாண்டுவது சாதாரணம். 500 டொலர் சாமானை இந்தக் கணக்கில் போட்டால் இரண்டு இலட்சம் ரூபா முடங்கும். 2022இன் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதே வருட நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. அந்த வருடம் பழைய கையிருப்பு வைத்திருந்தவர் தப்பினார், டொலர் கடனில் இறக்கியவர் அடிபட்டார். பதுளை மாதிரி ஊரில் வருடத்துக்கு இந்தச் சாமான் எத்தனை போகும் என்பதை ஒவ்வொருவரும் தம் கடைக் கொப்பியைப் பார்த்தே சொல்லலாம். என்னைக் கேட்டால், 100 டொலர் வகையில் ஒன்றை மட்டும், அதுவும் சோதித்துக் கேட்பதற்காக, கடையில் திறந்து வையுங்கள். அதற்கு மேற்பட்டதைப் பாதிப் பணம் முற்பணமாக வாங்கி, பற்றுச்சீட்டில் மொடல், வோல்ட், வொரண்டிக் காலம் மூன்றையும் எழுதிக் கொடுத்து ஓடருக்கு மட்டும் எடுங்கள். வாங்க வருபவர் தன் ஹெட்போனைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அதன் ஓம் என்ன என்று பார்க்காமல் பில் எழுத வேண்டாம்.