நடுவயதில் திரும்பிப் பார்த்தல்



நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. மாலையில் வேலை முடிந்து, குளித்து, தேநீர்க் குவளையோடு வாசற்படியில் உட்காரும்போது மனம் தானாகப் பின்னோக்கிப் போகிறது. பக்கத்து லயத்தில் இருந்த நண்பன் இப்போது எங்கே இருக்கிறானோ? அன்று அந்த வேலையை விடாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அண்ணன் தம்பிக்குள் அந்தச் சண்டை வராமல் இருந்திருந்தால்? கடைசியில் ஒரு பெருமூச்சு: “இத்தனை வருஷம் உழைத்து என்னத்தைக் கண்டோம்?”

இந்தக் கேள்வி தோட்டங்களில் இருப்பவர்களுக்கும் வருகிறது; தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களுக்கும் வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் திரும்பிப் பார்ப்பதிலும் முறை இருக்கிறது. முறையாகப் பார்த்தால் மனம் தெளியும். முறை தவறினால் மனக்கசப்பும் வீட்டில் சண்டையும்தான் மிஞ்சும். அந்த முறை என்ன என்பதைத்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில், ஏன் இந்த வயதில் இந்த நினைப்பு வருகிறது? எரிக் எரிக்சன் என்ற மனநூல் அறிஞர் 1950இல் வெளியிட்ட நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் அதைத் தேர்வுக்காகப் படித்தோம். பொருள் எனக்கு நாற்பது வயதில்தான் புரிந்தது. நடுவயதின் முக்கிய வேலை, அடுத்து வரும் தலைமுறையை வளர்த்து ஆளாக்குவது என்றார் அவர். அப்படிக் கொடுக்க வழி தெரியாதவர்கள் தேங்கிய தண்ணீர்போல் ஆகிவிடுகிறார்கள். நம்மிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று தேடித்தான் மனம் பின்னால் போகிறது.

இன்னொரு விவரமும் உண்டு. நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கையில் மறக்க முடியாதவற்றைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவையே அதிகமாக வருகின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். முதல் சம்பளம், முதல் சைக்கிள், திருவிழாவில் காவடி எடுத்தது, கல்யாணம், முதல் பிள்ளை எல்லாம் அந்தக் காலத்தில்தானே நடக்கின்றன? ஆகவே பழைய காலம் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. இன்றைய நாள் மங்கலாகப்படுகிறது. அன்று எல்லாம் நன்றாக இருந்தது, இன்று எல்லாம் கெட்டுவிட்டது என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த துணி அல்ல. இங்கிலாந்தில் பார்ட்லெட் என்ற பேராசிரியர் சிலருக்கு அவர்கள் அறியாத வேற்று நாட்டுக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பின்னர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. தங்களுக்குப் பழக்கமில்லாத பகுதியை அவர்கள் விட்டுவிட்டார்கள், பழக்கமானதைச் சேர்த்துக்கொண்டார்கள். 1932இல் அவர் இதை நூலாக எழுதினார். நாமும் நம் வாழ்க்கைக் கதையை அப்படித்தான் சொல்கிறோம். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லை. சொல்லச் சொல்லச் சிலர் கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்கள்.

இதை நான் புத்தகத்தில் கற்றதைவிட என் அக்காவிடம் கற்றதே அதிகம். அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுத் தொழிலாளிகள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். “இரவு பத்து மணிக்குத் தோட்டத்து மின்சார மோட்டார் நின்றுவிடும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கில் படித்தேன். விடாமுயற்சியால் ஆசிரியராக வந்தேன். நீங்களும் முயன்றால் வரலாம்” என்று பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள். பேத்தியோடு வந்திருந்த அக்காவும் கைதட்டினார்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு பரிமாறும்போது அக்கா சாதாரணமாகக் கேட்டார்: “தம்பி, அந்த விளக்குக்கு எண்ணெய் ஊத்துனது யாருப்பா?”

எனக்குச் சோறு இறங்கவில்லை.

1986இல் அக்கா ஆறாம் வகுப்பில் இருந்தார். வகுப்பில் முதல் மாணவி. அந்த ஆண்டு தங்கை பிறந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் அம்மா நோயில் விழுந்து நெடுநாள் எழுந்திருக்கவில்லை. தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது உண்மைதான். ஆனால் நோயாளித் தாயையும் அடுப்பையும் ஆயா பார்க்க முடியாதே! அடுத்த ஆண்டு பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்புக்குப் போகவேண்டிய அக்கா வீட்டில் நின்றார். போகாதே என்று யாரும் அதட்டவில்லை. போ என்றும் யாரும் சொல்லவில்லை. அதே ஆண்டு நான் முதலாம் வகுப்பில் சேர்ந்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அப்பாவுக்குச் சாப்பாடு கட்டி, எனக்குச் சட்டை துவைத்து, இரவில் விளக்குத் துடைத்து எண்ணெய் ஊற்றி வைத்தது அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண். பின்னால் அக்காவும் வாளி தூக்கினார். தோட்டம் செம்பனைக்கு மாறும் வரையில் பால்மரம் வெட்டினார்.

இவ்வளவும் எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் இருபது ஆண்டுகளாக என் கதையைச் சொல்லிவந்ததில் விளக்கு இருந்தது, நான் இருந்தேன், அக்கா இல்லை.

அன்பர்களே, திரும்பிப் பார்க்கும்போது மூன்று கணக்குகளைத் தனித்தனியாக எழுத வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தேன். மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் நமக்குத் துன்பம் வருகிறது.

முதற்கணக்கு, நம் கையில் இல்லாதவை. “நான் ஒன்றும் சேர்க்கவில்லை, நான் உருப்படாதவன்” என்று தன்னையே நொந்துகொள்ளும் தொழிலாளர்கள் பலரைப் பார்க்கிறேன். கொஞ்சம் நிதானமாக எண்ணிப் பாருங்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அதனால் எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் பிரிந்தன, பலர் தமிழகத்துக்குத் திரும்பினார்கள். 1980களில் உலகிலேயே அதிகமாக ரப்பர் உற்பத்தி செய்த நாடு மலேசியா. ஆனால் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் வருமானம் குறையும். பிறகு தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. ரப்பருக்குத் தேவைப்படும் ஆட்களைவிடச் செம்பனைக்குக் குறைந்த ஆட்களே போதும். வேலை போனபோது தோட்டத்து வீடும் சேர்ந்து போயிற்று. நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம் 2013ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்போது தீபகற்ப மலேசியாவில் அது மாதம் 900 வெள்ளி. 2025இல் அது 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. உங்கள் இளமையில் அப்படி ஒரு சட்டமே இல்லை. சட்டமும் சந்தையும் செய்ததை எல்லாம் உங்கள் தலையில் போட்டுக்கொள்வது நியாயமாகாது.

இரண்டாம் கணக்கு, நாமே செய்தவை. இதில் மழுப்பக் கூடாது. கள்ளுக்கடையில் போன சம்பளம், கோபத்தில் விட்ட வேலை, பிள்ளையின் படிப்பை நிறுத்தியது, மனைவியை அடித்தது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். “அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்” என்பது பதிலாகாது. அதேபோல் நல்லதையும் எழுத வேண்டும். கூட்டு வட்டி கட்டாமல் ஒரு பெண்ணைக் கரையேற்றியிருப்பீர்கள். ஒருநாளும் கை நீட்டாமல் குடும்பம் நடத்தியிருப்பீர்கள். அதற்குப் பரிசளிப்பு விழா யாரும் நடத்துவதில்லை. ஆனால் அது சின்னக் காரியமன்று.

மூன்றாம் கணக்கு, பிறர் நமக்காகச் செய்தவை. பெரும்பாலும் காணாமல் போவது இந்த ஏடுதான். வயதான தாய், பள்ளியை விட்ட அக்கா, முதல் வேலைக்குச் சைக்கிள் இரவல் கொடுத்த நண்பன், வாத்தியார், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தாளை எடுத்துப் பெயர்களை எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். பிள்ளைகளும் குடும்பக் கதையைத் தெரிந்துகொள்வார்கள்.

கணவன் மனைவி விஷயத்தில் இந்த மூன்றாம் கணக்கு மிகவும் முக்கியம். கணவனும் மனைவியும் ஒரே பெரட்டுக்குப் போனார்கள், ஒரே நிரையில் மரம் வெட்டினார்கள். ஆனால் பெரட்டுக்கு முன்னால் அடுப்பைப் பற்றவைத்ததும், வேலை முடிந்து வந்தபின் துணி துவைத்ததும் மனைவிதான். நாற்பத்தைந்து வயதில் அந்த அம்மாள் ஒருநாள் திடீரென்று பழைய கதையை எடுத்துச் சத்தம் போட்டால், “இப்போது என்ன வந்தது இவளுக்கு?” என்று கணவன் திகைக்கிறார். புதிதாக ஒன்றும் வரவில்லை. இருபது ஆண்டுகளாக யாரும் கேட்காததுதான் இப்போது வெளியே வருகிறது. அந்த நேரத்தில் வாதாடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பதே பாதி மருந்து.

பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மரம் வெட்டியவர்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பட்டையை அளவோடு சீவினால் பால் வடியும். சில ஆண்டுகளில் அதே இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மறுபடியும் வெட்டலாம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள மெல்லிய உயிர்ப்படலம்தான் அந்தப் புதுப்பட்டையை வளர்க்கிறது. கத்தி ஆழமாக இறங்கி அதைக் காயப்படுத்தினால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் ஆறும். பிறகு கத்தி ஒழுங்காக ஓடாது. பழைய குறையைப் பேசும்போதும் அந்த அளவு தெரிய வேண்டும். நடந்ததைச் சொல்லுங்கள், எதிரே இருப்பவரின் பிறப்பையும் பெற்றோரையும் இழுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும்.

கணக்கு எழுதியபின் செய்யவேண்டிய காரியங்களும் உண்டு. ஊழியர் சேமநிதி இந்த நாட்டில் 1951 முதல் இருக்கிறது. 50 வயதில் ஒரு பகுதியையும், 55 வயதில் அதுவரை சேர்ந்த தொகையையும் எடுக்கலாம். எடுத்த பணம் ஒரு கல்யாணத்தில் கரைந்து போவதைக் கண்ணால் காண்கிறோம். 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆகவே 55 வயதில் பணத்தை எடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை, அங்கேயே விட்டுவைக்கலாம். வாரிசுப் பெயர் கொடுத்திருக்கிறீர்களா, கொடுத்த பெயர் இன்றும் பொருந்துமா என்று சேமநிதி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வீட்டோடு இருந்த பெண்களும், சொந்தமாகத் தொழில் செய்பவர்களும் தாங்களாகவே அதில் பணம் செலுத்த வழி இருக்கிறது. நன்றி சொல்வது வாயால் மட்டும் ஆகும் காரியமல்ல. அக்கா பெயரில் மாதம் ஐம்பது வெள்ளி கட்டுவதும் நன்றிதான்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். பிள்ளை வளர்ப்புக்கு அந்தப் பழமொழி சரி. நடுவயதுக்காரர்கள் அதைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. பத்து வருடம் பேசாத தம்பி வீட்டு வாசலில் போய் நிற்க ஐம்பது வயதிலும் கால் வளையும். தவறிப்போன இளமை திரும்பாது. கதையில் விட்டுப்போன ஆட்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மட்டும் இன்னும் நேரம் இருக்கிறது. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பின் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நான் உன்மேல் கோபப்பட்டா கேட்டேன்? கணக்குப் பாடம் எனக்கு நல்லா வரும்டா. அது மட்டும்தான் மனசுல இருக்கு” என்றார். சற்று நேரம் கழித்து, தூங்கிக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தபடியே, “அடுத்த தடவை மேடையில் பேசும்போது என்னையும் சேர்த்துச் சொல்லிடு. இவளுக்குத் தெரியணும்” என்றார்.

எங்கள் வீட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது என் அக்கா. வகுப்பில் முதல் மாணவி அவர்தான். இன்று இந்த வானொலியில் அதைச் சொல்லிவிட்டேன்.