பருத்திப் பூவின் குறையும் பரம்பரைக் கணக்கும்

பருத்திச் செடிகள் சிலவற்றில் ஒரு குறை காணப்படும். பூ விரியும், சூலகம் நலமாக இருக்கும், ஆனால் மகரந்தப்பைகளில் உயிருள்ள மகரந்தம் இராது. இதனை ஆண்மலட்டுத்தன்மை என்பர். மரபியல் பயிலும் மாணவன் என்ற முறையில், இக்குறை தலைமுறை தாண்டி வரும் விதத்தை இங்கு விளக்க விழைகிறேன்.

ஓர் ஒடுங்கு மரபணுவால் வரும் குறை, கலப்புச் செடியின் வாரிசுகளுள் நான்கில் ஒன்றில் தோன்றும். இது நாமறிந்த மெண்டலின் கணக்கு. ஆனால் அமெரிக்கப் பருத்தியில் எம்எஸ்5, எம்எஸ்6 எனும் மரபணுக்களால் வரும் மலட்டுத்தன்மை பதினாறில் ஒன்றில்தான் தோன்றும். ஏன்? இப்பருத்தி இரண்டு முன்னோர் இனங்கள் இணைந்து பிறந்தது. ஆகவே, ஒரே வேலைக்கு இரண்டு இணை மரபணுக்கள் உள்ளன. ஓர் இணை பழுதானாலும் மற்றொன்று ஈடுகட்டும். இரண்டுமே பழுதானால்தான் குறை வெளிப்படும்.

மற்றொரு வகை தாய்வழிப்பட்டது. மெக்சிக்கோவின் காட்டுப் பருத்தியான கோசிபியம் ஹார்க்னெஸ்சியிலிருந்து கிடைத்த இவ்வகையை 1975இல் வெஸ்டா மேயர் வெளியிட்டார். இங்கு குறை உட்கருவில் இல்லை. தாயிடமிருந்தே வரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளது. எனவே வாரிசுகள் அனைத்தும் மலடாகும். தந்தைச் செடி ‘மீட்பு மரபணு’ ஒன்றைத் தந்தால் மட்டுமே மகரந்தம் மீளும்.

குறையுள்ள செடியால் யாருக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். 1970இல் சூரத்தில் சி. டி. பட்டேல் உருவாக்கிய எச்-4, உலகின் முதல் வணிகக் கலப்பினப் பருத்தி. அத்தகைய விதைக்கு, மலர்வதற்கு முந்தைய நாளே ஒவ்வொரு மொட்டிலும் மகரந்தப்பைகளைக் கையால் நீக்கி, மறுநாள் காலை வேற்று மகரந்தம் தடவ வேண்டும். இந்தியாவில் இவ்வேலை பெரும்பாலும் பெண்கள் மீதே விழுந்தது. பள்ளி செல்ல வேண்டிய சிறுமிகளும் இதில் ஈடுபடுத்தப்பட்டனர். மலட்டுச் செடியில் நீக்குவதற்கு எதுவுமில்லை. வேலையில் ஒரு பாதி குறைகிறது.

எனினும் பரம்பரைக் கணக்கு இங்கும் குறுக்கிடுகிறது. முதல் வகையில், தாய்ச் செடிகளுக்கென விதைத்தவற்றுள் பாதி வளமானவையாகவே முளைக்கும். பூத்த பிறகே அவற்றை அடையாளங்கண்டு பிடுங்க முடியும். இரண்டாம் வகையில், மீட்பு மரபணு உள்ள தந்தைச் செடியைத் தேட வேண்டும். வயலில் குனிந்திருக்கும் அப்பெண்களின் முதுகு நிமிர்வதும் இக்கணக்கைப் பொறுத்தே அமைகிறது. மரபியலை வெறும் தேர்வுப் பாடமாக என்னால் பார்க்க இயலாததற்குக் காரணம் இதுவே.