துவக்கு வாங்கும் முன் பூட்டை வாங்குங்கள்

படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவருக்குத் துவக்கு தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வெல்லாவெளி, உன்னிச்சை, வவுணதீவுப் பக்கங்களில் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் பன்றிக் கூட்டம் ஓர் இரவு இறங்கினால், ஒரு போகத்தின் உழைப்பே போய்விடும். பயிர்க்காவலுக்கென்று முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்து, குடும்பத்தில் முதன்முதலாக ஒருவர் ஷொட்கன் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காவல் முடிந்து விடிந்ததும் அந்தத் துவக்கு வீட்டுக்கு வருகிறது. பன்றி வயலில் நிற்கிறது, பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். துவக்கின் பெரும்பகுதிக் காலம் கழிவது பிள்ளைகள் இருக்கும் இடத்தில்தான். அங்கே அது கூரைத் தீராந்தியில் செருகப்பட்டோ, அலுமாரிக்குப் பின்னால் சாத்தப்பட்டோ இருக்குமானால், அந்த வீட்டுக்குப் பன்றியைவிடப் பெரிய ஆபத்து அதுதான்.

“பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்”

பெற்றோர் மிகவும் நம்புவது இந்த வார்த்தையைத்தான். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 8 முதல் 12 வயது வரையான 64 சிறுவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, லாச்சியில் குண்டில்லாத உண்மையான கைத்துப்பாக்கி ஒன்று வைக்கப்பட்ட அறையில் விட்டு, மறைந்திருந்து கவனித்தார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வின்படி, 29 குழுக்களில் 21 துப்பாக்கியைக் கண்டுபிடித்தன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாரோ ஒருவர் விசையை அழுத்தியே விட்டார். எடுத்த பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் துப்பாக்கி பற்றி முன்பே புத்தி சொல்லப்பட்டவர்கள். ஆபத்து என்று கேள்விப்பட்ட பிள்ளையும் பொருளைக் கண்டால் தொட்டுப் பார்க்கும். பிள்ளையின் இயல்பு அது. அதற்கு வளர்ப்பைப் பழி சொல்லிப் பயனில்லை.

“எங்கே வைத்திருக்கிறேன் என்று பிள்ளைக்குத் தெரியாது” என்பதும் இதே வகைதான். 2006-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டார்கள். தம் பிள்ளைக்கு இடம் தெரியாது என்று உறுதியாகச் சொன்ன பெற்றோரில் 39 வீதமானோரின் பிள்ளைகள், தமக்கு இடம் தெரியும் என்றார்கள். ஒளித்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. தோட்டா இல்லை என்ற நம்பிக்கையும் அப்படித்தான்: நேற்றுக் காவலில் போட்ட ஒன்று உள்ளே கிடக்கிறதா என்பதைக் குழலைத் திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. யுத்த காலத்தில் துவக்கைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த அனுபவம் உங்களுடையது, உங்கள் ஆறு வயதுப் பிள்ளையினுடையது அல்ல.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

வீட்டில் துவக்கு இருப்பதால் வரும் மரணங்களில் விபத்தைவிடத் தற்கொலையே பெரிது என்று அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. “சாக நினைத்தவர் எப்படியும் வழி தேடுவார், துவக்கைப் பூட்டி என்ன பயன்?” என்று கேட்கிறவர்களுக்கு நம் நாடே பதில் வைத்திருக்கிறது. 1995-இல் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த ஆண்டிலும் 1998-இலும் கடும் நச்சுப் பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டன. 2005 ஆகும்போது தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகியிருந்தது. சனங்களின் கவலையும் கடனும் அதற்குள் பாதியாகிவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கொடிய பொருள் குறைந்தது, அவ்வளவுதான். உயிரை மாய்க்கும் எண்ணம் பலருக்குச் சொற்ப நேரத்தில் மூண்டு தணிவது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் உதவி செய்ய வாய்ப்பு உண்டு. துவக்கு அந்த வாய்ப்பைப் பெரும்பாலும் விட்டுவைப்பதில்லை.

குடித்துவிட்டு வரும் சண்டைக்கும் இதே கணக்குத்தான். கசிப்பு ஏறிய கைக்கும் துவக்குக்கும் நடுவே ஒரு பூட்டும், அந்தத் திறப்பு வேறொருவரிடம் இருப்பதும், ஒரு பெண்ணின் உயிரைக் காக்கலாம். மனம் உடைந்தவரோ, குடியை விட முடியாதவரோ வீட்டில் இருந்தால் துவக்கு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். வாங்கியாகிவிட்டது என்றால், ஒப்படைப்பது பற்றிப் பொலிஸ் நிலையத்தில் கேளுங்கள். மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

“அவசரத்துக்கு எடுக்க வேண்டாமா?”

பூட்டினால் அவசரத்துக்கு உதவாது என்ற வாதம் நியாயம்போலத் தோன்றும். ஆனால் பயிர்க்காவல் நடப்பது வயல் வாடியில், விழித்திருக்கும் ஆளின் கையில். வீட்டில் துவக்கு தூங்கும் நேரத்தில் அந்த அவசரமே இல்லை. யானை வீட்டு வாசலுக்கே வந்தாலும், பன்றிக்குப் போடும் சன்னம் அதை வீழ்த்தாது, காயப்படுத்தி மூர்க்கமாக்கும். அதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்தைக் கூப்பிட வேண்டும். செய்ய வேண்டியவை நான்குதான்: தோட்டாவைக் கழற்றுவது, துவக்கைப் பூட்டுவது, தோட்டாவைப் பூட்டுவது, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வைப்பது. இந்த நான்கில் ஒவ்வொன்றும் இளம் வயதினரின் விபத்துக் காயத்தையும் தற்கொலையையும் குறைப்பதோடு தொடர்புடையது என்பதை 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. குடிக்காத உரிமையாளர் என்றால் திறப்பு அவரின் இடுப்பில் இருக்கட்டும், சுவர் ஆணியில் வேண்டாம்.

அனுமதிப்பத்திரம் ஆளுக்குத்தான், வீட்டுக்கல்ல. ஆகவே மகனோ மச்சானோ அதைத் தூக்கிக்கொண்டு காவலுக்குப் போக முடியாது. கட்டுத்துவக்கும் பன்றி வெடியும் சட்டவிரோதம் மட்டுமல்ல, ஆள் பார்க்காமல் கொல்பவை. விறகுக்குப் போகிற தாயின் காலும் பன்றியின் காலும் கட்டுத்துவக்கின் கம்பிக்கு ஒன்றுதான்.

காயம் பட்டால்

வைத்தியசாலையில் வைத்தியர்களின் மனத்தைச் சோர்வடையச் செய்வது, பிந்தி வரும் காயம். சிறிய துளைதானே என்று கோப்பித்தூளும் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புகிறார்கள். ஊசியால் சன்னத்தைத் தோண்டுகிறார்கள். பாமசியில் நான்கு கப்சூல் வாங்கி விழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் சீழோடும் காய்ச்சலோடும் வருகிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்துங்கள்! வெளித்துளையின் அளவு உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்லாது. சன்னம் துணித்துண்டையும் மண்ணையும் கிருமியையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகும். நீங்கள் அப்பும் தூள் அதற்கு மேல் இன்னும் அழுக்கு.

சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். குடிக்கவோ தின்னவோ கொடுக்காதீர்கள். 1990 அம்பியூலன்ஸை அழைத்து, அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். கண்ணில் பட்டால் அழுத்தவோ கழுவவோ வேண்டாம், மூடி மட்டும் கொண்டுவாருங்கள். எக்ஸ்ரே எடுப்பார்கள், ஏற்பு ஊசி போடுவார்கள். பொலிஸுக்குத் தெரியவரும் என்று பயந்து வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வழக்கைப் பிறகு பார்க்கலாம், போன இரத்தத்தைப் பிறகு பார்க்க முடியாது.

வாங்குகிறவரிடம் ஒரு வேண்டுகோள்

துவக்குக்குப் பணம் சேர்க்கும்போதே இரும்புப் பெட்டிக்கும் இரண்டு பூட்டுக்கும் சேர்த்துச் சேமியுங்கள். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகே துவக்கு வரட்டும். பிள்ளைகளை அனுப்பும் உறவினர் வீட்டில், துவக்கு இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மனைவிமாரே, திறப்பு எங்கே என்று ஒவ்வொரு காலையும் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்தால் கோபிக்கட்டும். அழிந்த வேளாண்மையை அடுத்த போகத்தில் செய்யலாம். பிள்ளையை இழந்த வீட்டுக்கு எந்த வைத்தியராலும் ஆறுதல் சொல்ல முடியாது. அந்த நிலை உங்களுக்கு வராதிருக்க, ஒரு பூட்டின் விலையைத் தயங்காமல் செலவழியுங்கள்.